நடுங்கும் ஈரக்குலை

என் ஆராய்ச்சியால் இதுவரை பலன் அடைந்தவர் ஒரே ஒருவர்தான். என் அப்பா குஞ்சிதபாதம்.

பயந்த எலியின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன், கல்லீரல் சாராயத்தைக் கரைக்கும் வேகத்தை எப்படி மாற்றுகிறது என்பதுதான் என் முனைவர் பட்டத் தலைப்பு. தஞ்சாவூரில் மூன்று வருடமாக எலிகளைப் பயமுறுத்திக்கொண்டிருக்கிறேன். அப்பா பாபநாசத்தில் இருபது வருடமாகக் குடித்துக்கொண்டிருக்கிறார். போன மாதம் ஸ்கேனைப் பார்த்த டாக்டர், இப்படியே குடித்தால் ஒரு வருடத்தில் ஈரல் மிஞ்சாது என்று சொல்லிவிட்டார்.

அப்பா ஒரு வாரம் கடைப்பக்கமே போகவில்லை. அந்த நல்ல நேரம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். நுணலும் தன் வாயால் கெடும்.

"பயந்த எலிக்குச் சாராயம் சீக்கிரமாக் கரையுதுப்பா. ஆனா..."

அப்பா 'ஆனா'வுக்குக் காத்திருக்கவில்லை. விஷயமே அதற்குப் பின்னால்தான் இருந்தது. வேகமாகக் கரைந்தால், அதிலிருந்து வரும் நஞ்சும் வேகமாகச் சேரும். அதைச் சுவரிடம்தான் சொன்னேன்.

மறுநாள் கொள்முதல் நிலையத்தில், அப்பா விற்கக் கொண்டுபோன நெல்லில் ஈரப்பதம் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது. அப்பா நேரே கடைக்குப் போய்விட்டு வீட்டுக்கு வந்தார்.

"ஈரக்குலை நடுங்குது, அம்சம். நடுங்குனா நல்லதாம். நம்ம மதியே கண்டுபிடிச்சிருக்கு" என்றார் அம்மாவிடம்.

அம்மா திட்டித் தீர்த்தாள்.

"இன்னும் திட்டு. உள்ள மருந்து சுரக்குது."

அம்மாவின் இருபது வருடத் திட்டு ஒரே நாளில் மருந்தாகிவிட்டது. எனக்கு என் படிப்பின் மீதே ஆத்திரமாக வந்தது.

அதன்பிறகு அம்மா திட்டவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சோறு போட்டுக்கொண்டே என்னிடம் கேட்டாள்.

"எலியோட ஈரல் நல்லா வேலை செய்யுதுன்னு எப்படிம்மா தெரிஞ்சுது?"

"அளந்து பாத்தோம்மா."

"உள்ள இருக்கறத எப்படி அளப்பீங்க?"

"வெளிய எடுத்துத்தான்."

"அப்ப எலி?"

"உசுரோட இருக்காதும்மா."

"எத்தன?"

"நாப்பத்தெட்டு."

அம்மா அப்பாவின் பக்கம் திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுங்களா?" என்று கனிவாகக் கேட்டாள்.

அப்பா பிசைந்த சோறு தட்டிலேயே இருந்தது. இடது கையால் வலது விலாவுக்குக் கீழே தடவிப் பார்த்துக்கொண்டார்.

"மதி, அன்னைக்கு 'ஆனா'ன்னு ஏதோ சொல்ல வந்தியே, அது என்னம்மா?"