தூணுக்கு வலப்பக்கம்

அந்தத் தையல் ஆலையை மூடுவதற்கு முன், எல்லாரும் அவரவர் மெஷின் பக்கத்தில் நிற்க, ஹால் முழுவதும் ஒரே அகலப் படமாக வேண்டும் என்று தொழிலாளர்கள் கேட்டிருந்தார்கள். மேற்பார்வையாளராக இருந்தவர், புகைப்படக்காரியான தன் மைத்துனியைச் சிபாரிசு செய்தார்.

அவளும் ஒரு குறை வைக்கவில்லை. கேமராவின் முக்காலியை மட்டம் பார்த்து நிறுத்தினாள். ஜன்னலோரத்துக்கும் இருட்டு மூலைக்கும் பொதுவாக ஓர் ஒளி அளவு பிடித்து, கேமரா தன்னிஷ்டத்துக்கு மாற்றாதபடி பூட்டினாள். துண்டு துண்டாக எடுத்து ஒட்டும் படத்தில் ஒரு துண்டு வெளிறி இன்னொன்று கறுத்தால், ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி ஆகிவிடும். மேகம் விலகும்வரை காத்திருந்து, இடமிருந்து வலமாகக் கேமராவைத் திருப்பித் திருப்பி எடுத்தாள். யாரும் அசையவில்லை.

மறுநாள் வீட்டில் கணினியில் ஒட்டிப் பார்த்தபோது பாதி ஹால் ஒரு நிறம், மீதி ஹால் வேறு நிறம். நடுத்தூண் அருகே நின்ற பெண்ணின் முகத்தில் கோடு கிழித்தாற்போல் இருந்தது. முதலில் மென்பொருளைத் திட்டினாள். அப்புறம் கேமராவைச் சந்தேகப்பட்டாள். மதியச் சாப்பாடு ஆறிப் போயிற்று. வலப்பக்கத் துண்டுகளைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது: கூரையில் டியூப் லைட்டுகள் எரிந்துகொண்டிருந்தன. பட்டப்பகலில் அது கண்ணில் படவே இல்லை.

மேற்பார்வையாளரான அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள்.

"மாமா, நான் எடுத்துக்கிட்டு இருக்கும்போது லைட் போட்டது யாரு?"

"நான்தாம்மா. அந்த மூலை இருட்டா இருந்துச்சு. உனக்குத் தொந்தரவு வேண்டாம்னு சத்தமில்லாமப் போட்டேன்."

"மறுபடி எடுக்கணும் மாமா. எல்லாரையும் நிக்கச் சொல்லுங்க."

"மெஷினெல்லாம் காலையிலயே லாரி ஏறிடுச்சே. ஒரு லைட்டுக்கா இத்தனை பாடு?"

போனை வைத்துவிட்டாள். ஐந்து நிமிடத்தில் அக்கா கூப்பிட்டாள்.

"அவர்கிட்ட வெடுக்குனு பேசினியாமே. நல்லதுக்குத்தானேடி செஞ்சாரு?"

"அதான் பிரச்சினையே. கெட்டதுக்குச் செஞ்சிருந்தா நிம்மதியாத் திட்டியிருப்பேன்."

அவர் மேல் வந்த கோபத்தில் பாதி தன் மேலேயே திரும்பியது. கிளம்புமுன் கேமராவிலேயே படங்களை ஒருமுறை தள்ளிப் பார்த்திருந்தால் அங்கேயே தெரிந்திருக்கும். வலப்பக்கத்தின் வெளிச்சத்தைக் குறைத்தாள், முகங்கள் பச்சை பாய்ந்தன. பச்சையை எடுத்தாள், துணிகள் சாயம் போயின. அழித்து அழித்துச் செய்ததில் கண் எரிந்தது. கடைசியில், ஒட்டு விழும் இடத்தை அந்தப் பெண்ணின் முகத்திலிருந்து தள்ளி, தூணின் விளிம்போடு நேராக இறக்கினாள். இந்தப் பக்கம் ஜன்னல் வெளிச்சம், அந்தப் பக்கம் விளக்கு வெளிச்சம் என்று பார்ப்பவர்கள் எடுத்துக்கொள்வார்கள். ஆனால் அவள் கண் மட்டும் நேராகத் தூணுக்கே போயிற்று.

அச்சிட்ட படத்தை அக்கா வீட்டில் விரித்து வைத்தபோது, மாமா அதன் வலப்பக்கத்தைக் கைநீட்டி அக்காவுக்குக் காட்டினார்.

"பாத்தியா, நான் லைட் போட்டதாலதான் இந்தப் பக்கம் பளிச்சுனு வந்திருக்கு."

அக்கா தங்கையைப் பார்த்தாள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, "ஆமா மாமா" என்றாள்.