ஹபேஸ் மண்ணாங்கட்டி

ஆசீர்வாதம் சோற்றைப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்ட நேரத்தில்தான் ரோஸ்மேரி அதைச் சொன்னாள்.

"மண்ணாங்கட்டி அண்ணன ஒரு நடை இட்டுகினு வாய்யா. தாசர் கச்சேரி கதைய தம்பி கேக்கணுமாம்."

வியாசர்பாடியிலிருந்து வந்திருந்த அவள் தம்பி அருள்பிரகாசம், ஆமாம் என்று ஆவலாகத் தலையாட்டினான். ஆசீர்வாதத்துக்கு மீன் குழம்பு கசந்துபோயிற்று. அந்தக் கச்சேரிக்கு அவனும்தான் போயிருந்தான். போனது மட்டுமா, மண்ணாங்கட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனதே அவன்தான். தாலி கட்டிய பெண்டாட்டி, கச்சேரி முடிந்த இந்த நாலு வருஷத்தில் ஒரு தடவையாவது நீ என்னய்யா பார்த்தாய் என்று கேட்டிருப்பாளா?

இருவருக்கும் துறைமுகத்தில் ஒரே செட்டில் வேலை. ஆசீர்வாதம் கப்பலின் அடித்தளத்தில் நின்று மூட்டைகளைக் கயிற்றில் கட்டுவான். மேலே விளிம்பில் நிற்கும் மண்ணாங்கட்டி, பாரம் தூக்கும் விஞ்சு ஓட்டுகிறவனுக்குக் குரல் கொடுப்பான். ஏற்ற வேண்டும் என்றால் 'ஹபேஸ்', இறக்க வேண்டும் என்றால் 'ஆரியா'. பாட்டுக்கும் அவனுக்கும் ஏழாம் பொருத்தம்.

ஆசீர்வாதமோ கல்மண்டபத்துக் காபி கிளப் வாசலில் கால் கடுக்க நின்று, கிராமபோன் தட்டிலேயே சோமதாசரைப் பாடம் பண்ணியவன். அந்தச் சோமதாசர், எழுபது வயதில், பல் போன வாயோடு ராயபுரத்துக்கே பாட வந்தார். ஆசீர்வாதம் உயிராக நினைத்த பாட்டில், குரல் உச்சிக்கு ஏற வேண்டிய இடத்தில் கிழவருக்கு மூச்சுப் பிடிக்காமல் பாட்டு நின்றுவிட்டது. பந்தலே அடங்கிப்போயிற்று. பாடுங்க சாமி என்று கத்த ஆசீர்வாதம் துடித்தான். வாயைத் திறந்தான், சத்தம் வரவில்லை. அப்போது பக்கத்திலிருந்து இடி மாதிரி ஒரு குரல்: "ஹபேஸ்!"

வந்திருந்தவர்களில் பாதிப் பேர் துறைமுகத்து ஆட்கள். சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. தாசர் அந்த வார்த்தைக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்டு, மண்ணாங்கட்டியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். அப்புறம் ஏற்றினார் பாருங்கள் குரலை!

அன்றிலிருந்து அவன் 'ஹபேஸ்' மண்ணாங்கட்டி. ஆசீர்வாதம் மட்டும் மனசுக்குள் முதல் எழுத்தை மாற்றி 'அபேஸ்' மண்ணாங்கட்டி என்று சொல்லிக்கொள்வான். தனக்கு வரவேண்டிய கும்பிடை அடித்துக்கொண்டு போனவனை வேறு எப்படிச் சொல்வது?

மண்ணாங்கட்டி வந்தான், உட்கார்ந்தான், வழக்கம்போல ஆரம்பித்தான். கத்துகிற இடம் வந்ததும் ரோஸ்மேரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஆசீர்வாதத்துக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

"இவன் தூங்கிகினு இருந்தான். ஒரு பாட்டுகூட கேக்கல. தூக்கத்துல கத்திட்டான்."

சிரிப்பு நின்றது. நாலு வருஷமாக அடக்கி வைத்திருந்ததைக் கொட்டியாகிவிட்டது. மண்ணாங்கட்டியின் முகம் சுருங்குகிறதா என்று ஆசீர்வாதம் ஆசையாகப் பார்த்தான். அது சுருங்கவில்லை.

"மெய்தான். ரெண்டு ஷிப்டு பாத்த ஒடம்பு, அசந்துட்டேன்" என்றான் மண்ணாங்கட்டி. "திடீர்னு முழிச்சி பாத்தா, இவன் வாய தொறந்துகினு, கண்ணுல தண்ணி கொட்டுது. அந்த வாரந்தான் கீழ ஒர்த்தன் கால் மேல மூட்டை எறங்கியிருந்திச்சி. இவன் மேலயும் எறங்கிடுச்சின்னு நென்ச்சிட்டேன். தூக்கச் சொல்லி கத்தினேன். ஆம்பள அழுதத வெளிய சொல்லக்கூடாதுன்னு அத மட்டும் வுட்டுட்டேன்."

ரோஸ்மேரி புருஷனைப் பார்த்தாள். "அழுதியா நீ?"

ஆசீர்வாதம் மண்ணாங்கட்டியையே முறைத்தான். தன் உயிருக்காகக் கத்தினவன் மேல் நன்றி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வயிறுதான் இன்னும் எரிந்தது. அந்தப் பந்தலில் அவனுக்கென்று இருந்தது அந்த அழுகை ஒன்றுதான். அதையும் இவனல்லவா பார்த்து வைத்திருக்கிறான், இவனல்லவா தன்னைவிட நன்றாகச் சொல்கிறான்.

அருள்பிரகாசம், அது என்ன பாட்டு என்று கேட்டான். மண்ணாங்கட்டி உதட்டைப் பிதுக்கினான்.

"எனக்கு இன்னா தெரியும்? இவனக் கேளு."

ஆசீர்வாதம் தொண்டையைச் செருமினான். ரோஸ்மேரி கரண்டியைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வந்து, அவனுக்கு எதிரில், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.