மாரம்மா அத்தை கேட்காத சாக்கு

அம்மா என் கதையைத் திருத்தி முடிப்பதற்குள் கடைசி நாள் வந்துவிட்டது. சிறுவர் இதழ் ஒன்று கதைப் போட்டி வைத்திருந்தது. அன்று சாயங்காலத் தபாலில் சேர்த்தால்தான் கதை நேரத்துக்குப் போய்ச் சேரும். நான் உறையும் பசையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா சிவப்புப் பேனாவோடு அடுப்பின் முன் நின்று வாசித்துக்கொண்டிருந்தாள். பால் பொங்கி வழிந்தது. அதைக்கூடப் பார்க்கவில்லை.

வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னால் எனக்குக் குரல் வராது. ஒன்பதாவதோடு பள்ளிக்கூடம் நின்றது. தெருவில் "படிப்பை நிறுத்திட்டாங்க" என்றார்கள். "வீட்டுல படிக்கிறா" என்று அம்மா அதையும் திருத்தினாள்.

திருத்துவது அவளுக்குப் பழைய வேலை. கல்யாணத்துக்கு முன்பு தூத்துக்குடியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தாள். இப்போதும் மாதா கோயிலில் ஞாயிறு பூசையின்போது கொடுக்கிற அறிவிப்புத் தாளைத் திருத்திச் சாமியாரிடமே நீட்டுவாள். அப்போது அப்பா கோயில் மணியைப் பார்த்துக்கொண்டு நிற்பார். எனக்குக் கணக்குப் பாடம் குக்கர் அடங்குவதற்குள் முடிந்துவிடும். மீதிப் பொழுதெல்லாம் வாசிப்பதும் எழுதுவதும்தான். 'அழகான' என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டில் தடை. 'மிகவும்' என்று எழுதினால் ஏன் என்று விளக்கம் சொல்ல வேண்டும். பார்த்ததை எழுது, பூசி மெழுகாதே என்பாள். இதைக் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது.

நான் பார்த்ததைத்தான் எழுதினேன்.

அப்பாவுக்குக் கம்பெனியில் வேலை கிடைத்து நாங்கள் கன்னட எல்லையை ஒட்டிய மூக்கண்டப்பள்ளிக்கு வந்த புதிது. எனக்கு ஆறு வயது. பக்கத்து வீட்டு மாரம்மா அத்தையை அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். அவர் ரோஜாத் தோட்டத்தில் பூக்களைப் பெட்டியில் அடுக்கும் வேலைக்குப் போகிறவர். வீட்டில் கன்னடம் பேசுகிறவர். அம்மா இன்னொரு கரண்டி சோறு வைக்கப் போனபோது, தட்டைக் கையால் மறைத்து, "சாக்கு, சாக்கு" என்றார். கன்னடத்தில் அதற்குப் போதும் என்று பொருள். அம்மாவுக்கு அது தெரியாது. மார்கழி மாதம், சிமெண்ட் தரை, பாவம் குளிர்கிறது போலிருக்கிறது என்று நினைத்து உள்ளே ஓடி, உட்காருவதற்கு ஒரு சாக்கு கொண்டுவந்தாள்.

அவ்வளவுதான் கதை. அம்மா என்ன செய்தாள் தெரியுமா? 'சாக்கு, சாக்கு' என்பதை அடித்துவிட்டு 'போதும், போதும்' என்று எழுதினாள். 'அம்மா' இருந்த இடத்திலெல்லாம் 'ஒரு பெண்' வந்து உட்கார்ந்தாள். ஆனால், 'காலிச் சாக்கைக் கைக்குழந்தையைப் போல ஏந்திக்கொண்டு வந்தாள்' என்ற வரியை மட்டும் தொடவில்லை. நல்ல வரியாம். பக்கத்தில் சரி போட்டிருந்தாள்.

"போதும்னு சொன்னா எதுக்கும்மா சாக்கு கொண்டு வரணும்?"

வாசிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்வார்கள் என்றாள். எதை ஊகிப்பார்கள் என்று கேட்டேன். வெளியூர்க்காரர்களுக்குக் கன்னடம் புரியாது என்றாள். பொருள்தான் எழுதியிருக்கிறேனே என்றேன். வரி நீளம், மூச்சு வாங்குகிறது என்றாள். நான் விடவில்லை. பார்த்ததை எழுதச் சொன்னதே நீங்கள்தான் என்றேன். அம்மா பேனாவை மூடினாள்.

"பார்த்ததையெல்லாமா எழுதச் சொன்னேன்? பிள்ளைய வீட்டுல வச்சு நானே சொல்லிக்கொடுக்கேன்னு கிளம்பினவ, பக்கத்து வீட்டு வார்த்தை தெரியாம முழிச்சான்னு நாலு பேரு படிக்கணுமாட்டி?"

கதையை அவள் சொன்னபடியே இன்னொரு முறை நகல் எடுத்தேன். எழுத எழுத எனக்கு எரிச்சல் கூடிக்கொண்டே போனது. யாரோ ஒரு பெண், யாருக்கோ சோறு போடுகிறாள், காரணமே இல்லாமல் சாக்கோடு வருகிறாள். என் கையெழுத்தில் இருந்ததே தவிர அது என் கதை இல்லை.

அந்த நேரத்தில் மாரம்மா அத்தை வேலை முடிந்து, கொத்தமல்லி வாங்கிப் போக வந்தார். பூங்கொத்துக்குப் போடுகிற ரப்பர் பேண்டுகள் மணிக்கட்டிலேயே இருந்தன. என் முகத்தைப் பார்த்து, என்ன ஆச்சு என்றார்.

"உங்களைப் பத்திக் கதை எழுதியிருக்கேன் அத்தை. அம்மா வாசிச்சுக் காட்டுவாங்க" என்றேன்.

வேண்டுமென்றேதான் சொன்னேன். அம்மா என்னை முறைத்தாள். ஆனால் கேட்க ஆள் வந்த பிறகு வாசிக்காமல் இருக்க அவளால் முடியாது. நிறுத்தி, ஏற்றி இறக்கி, அழகாகவே வாசித்தாள். அத்தை தாடையில் கைவைத்துக் கடைசிவரை கேட்டார்.

"சென்னாகிதே. நல்லாருக்கு. ஆனா ராணி, நான் எப்ப போதும்னேன்?" என்று அம்மாவைக் கேட்டார்.

கதைக்காக மாற்றியிருக்கிறோம் என்று அம்மா இழுத்தாள்.

"போதும்னு சொல்லி நீ சாக்கு எடுத்தாந்தா, உனக்குக் கிறுக்குன்னுதானே ஆகும்? நான் சாக்குன்னேன், நீ சாக்கு கொண்டாந்த. அதுல யாரு மேல தப்பு?"

அத்தை சிரித்துக்கொண்டே, தோட்டத்தில் டீ ஊற்றும்போது யாராவது 'சாக்கு' என்றால், 'மூக்கண்டப்பள்ளி ராணிகிட்டச் சொல்லு, எடுத்தாருவா' என்றுதான் இன்றைக்கும் எல்லோரும் சொல்கிறார்கள் என்றார்.

"எல்லாருகிட்டயும் சொல்லிட்டியளா அக்கா?"

"ஒம்பது வருஷமாச்சே."

அம்மா தாளை இழுத்து, 'போதும், போதும்' என்பதை அடித்துச் 'சாக்கு, சாக்கு' என்று மேலே எழுதினாள். ஒவ்வொரு 'ஒரு பெண்'ணாகத் தேடி அடித்து 'அம்மா' போட்டாள். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் அவள் அடுத்த வரியில் மறுபடி நின்றாள்.

"இது காலிச் சாக்கு இல்லட்டி. அரிசி இருந்துச்சு. அடுப்படியில கொட்டிட்டுத்தான் எடுத்துட்டு வந்தேன்."

இத்தனை நாள் திருத்தியபோது இதைச் சொல்லவேயில்லை. ஏன் என்றேன். நீ கேட்கவில்லையே என்றாள். எனக்குத் தலையை எங்காவது முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது.

'காலி'யை அடித்தேன். இரண்டு வரிக்கு நடுவே அரிசியைக் கொட்டியதை நுணுக்கி எழுதினேன். அதற்குள் அத்தை, அந்த அரிசியை அன்றைக்கு அம்மாவோடு உட்கார்ந்து அள்ளியது தான்தான் என்றார். அதையும் ஓரத்தில் எழுதினேன். பக்கம் கோழி கிளறியது போல ஆகிவிட்டது. அடித்தல் திருத்தல் உள்ள தாள் எங்கள் வீட்டை விட்டு வெளியே போனதே இல்லை.

"இப்படியேவா அனுப்பப் போற? இன்னொரு நகல் எடு" என்றாள் அம்மா.

"நேரமில்லம்மா."

மடித்து உறையில் போட்டு, அவள் கை நீட்டுவதற்குள் ஒட்டிவிட்டேன். அம்மா உறையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய்க் கேட்டைத் திறந்துவிட்டு, கம்பெனி பஸ்ஸெல்லாம் வருகிற நேரம், பார்த்துப் போ என்றாள்.

அரிசியில் கல் கிடந்தது என்று அத்தை சொல்வதும், கல்லே கிடையாது என்று அம்மா மறுப்பதும் தெருமுனைவரை கேட்டது. நான் திரும்பிப் போய் அதையும் எழுதப் போவதில்லை.