உரித்துவைத்த இரண்டு அந்துப்பூச்சிகள்

வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் எல்லோரும் பூச்சி மேடம் என்று கூப்பிடுகிறவளுக்குக் காலையிலிருந்து இருப்புக்கொள்ளவில்லை. இன்று மத்தியானத்துக்குள் தன் வாதத்தை நிரூபிக்காவிட்டால், பூச்சி வளர்க்கும் அறையை விதைப் பிரிவுக்குத் தூக்கிக் கொடுத்துவிடுவதாக இயக்குநர் கறாராகச் சொல்லிவிட்டார். ஏழு மாத ஆராய்ச்சியும் அதோடு போச்சு. “இன்னைக்கு ஒண்ணு என் ஆராய்ச்சி நிலைச்சு நிக்கணும், இல்லேன்னா நான் நடுத்தெருவுல நிக்கணும்” என்று புலம்பினாள் கணவரிடம். “நின்னா ஃபோன் பண்ணு, வந்து கூட்டிட்டுப் போறேன்” என்றார் அந்த மகராசன்.

சண்டை என்னவோ சின்ன விஷயத்துக்குத்தான். அந்துப்பூச்சி கூட்டுப்புழுத் தோலை உரித்துக்கொண்டு வெளியே வருகிறதே, அதை அப்படி நெளியச் சொல்வது யார்? தோல் இறுக்குகிறது, பூச்சி திமிறுகிறது, அவ்வளவுதான் என்பது இயக்குநர் கட்சி. இல்லை, நேரம் வந்ததும் மூளை ஒரு ஹார்மோனை ரத்தத்தில் விடுகிறது, அது போய்ச் சொன்னால்தான் உடம்பு அசையும் என்பது இவள் கட்சி. மனிதர் பிடித்த பிடியை விடுகிறவரா என்ன!

அதனால், நாளைக்கு வெளிவர வேண்டிய இரண்டு பூச்சிகளை எடுத்து, இடுக்கியால் தோலைத் துணுக்குத் துணுக்காக இவளே உரித்துவிட்டாள். தோல் போனதுகூடத் தெரியாமல் இரண்டும் காலை மடக்கிக்கொண்டு தட்டில் கிடந்தன. இடதுபக்கத்துப் பூச்சிக்கு, வேறு பூச்சிகளின் மூளையிலிருந்து எடுத்த சாறு. வலதுபக்கத்துக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஊசியை நானே போடுவேன் என்று இயக்குநர் இவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். இவள்மேல் அவ்வளவு நம்பிக்கை!

பத்து நிமிடத்தில் இடதுபக்கத்துப் பூச்சி வயிற்றை வட்டமாகச் சுழற்றியது.

“சார், சார்! ஆரம்பிச்சிடுச்சு!”

“ஊசி குத்தினா நான்கூடத்தான் நெளிவேன்.”

“அப்போ உப்புத்தண்ணி போட்டது ஏன் சார் நெளியல?”

“அதுக்குப் பொறுமை ஜாஸ்தி.”

அரை மணியில் சுழற்றல் நின்றது. இயக்குநர் ஃபோனை எடுத்து விதைப் பிரிவைக் கூப்பிட ஆரம்பித்தார்.

“நடுவுல கொஞ்சம் ஓய்வெடுக்கும் சார். தானா வெளிய வர்றதும் இப்படித்தான் செய்யும். இன்னும் அரை மணி குடுங்க!”

வாய் என்னவோ தைரியமாகத்தான் பேசியது. சாறு நேற்றே எடுத்தது, கெட்டுப்போயிருந்தால்?

விதைப் பிரிவில் ஆளைத் தேடிப் பிடித்து, அறையின் நீள அகலமெல்லாம் சொல்லி முடிக்கவே அரை மணி ஓடிவிட்டது. “ஆமாங்க, மேஜையெல்லாம் கொண்டுவரலாம்” என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, இடதுபக்கத்துப் பூச்சியின் வயிற்றில் பின்னாலிருந்து முன்னால் ஒரு அலை ஓடியது. இன்னொன்று. இன்னும் ஒன்று. இறக்கையின் அடியைத் தூக்கித் தூக்கிக் குலுக்கி, உடம்பை முன்னால் தள்ளி, எதிலிருந்தோ விடுபடுகிற மாதிரி முட்டியது. வலதுபக்கத்துப் பூச்சி தேமே என்று கிடந்தது. பூச்சி மேடம் ஒவ்வொரு அலையையும் நோட்டில் குறித்துக்கொண்டே இருந்ததில் இயக்குநரைக் கூப்பிடவே மறந்துபோனாள்.

இயக்குநர் தற்செயலாகத் திரும்பினார். குனிந்தார். மூக்கு தட்டில் இடிக்கும் அளவுக்குக் குனிந்தார்.

“ஏம்மா, இதென்ன கூத்து! எதைக் கழட்டுது இது? மேல ஒட்டுத் தோல்கூட இல்லையே! எது இறுக்குதுன்னு இந்தத் திமிறு திமிறுது?”

பூச்சி மேடம் நோட்டிலிருந்து நிமிர்ந்தாள்.

“அதைத்தானே சார் ஏழு மாசமா உங்ககிட்ட கேட்டுக்கிட்டிருக்கேன்!”

ஃபோனில் யாரோ ஹலோ ஹலோ என்று கத்திக்கொண்டிருந்தார்கள்.

“மேஜையெல்லாம் அங்கேயே இருக்கட்டுங்க” என்றார் இயக்குநர், பூச்சியிலிருந்து கண்ணை எடுக்காமல். “இங்க ஆள் இருக்கு.”