மூன்றாம் நாள் காலை ஷிப்ட்

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் இன்சார்ஜ். ஆஸ்பத்திரியில் பெண்கள் அறுவை வார்டுக்குப் பதினோரு வருடமாக அவள்தான் இன்சார்ஜ் சிஸ்டர். அந்தப் பட்டம் எந்த நாளில் அவள் பின்னாலேயே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்து சேர்ந்தது என்று யாருக்கும் நினைவில்லை. கணவன் கேலிக்கு ஆரம்பித்தான். மாமனார் நிஜமாகவே எடுத்துக்கொண்டார். இப்போது சாக்ஸ் காணோம் என்றாலும் குழாய் ஒழுகுகிறது என்றாலும் "இன்சார்ஜ்!" என்றுதான் குரல் வருகிறது.

வார்டில் டூட்டி சார்ட் போடுவதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. பதினான்கு நர்ஸ்கள், மூன்று ஷிப்ட், முப்பது நாள். எவள் பிள்ளைக்குப் பரீட்சை, எவளுக்கு முதுகுவலி என்று எல்லாம் விரல்நுனியில். முதலில் அவரவர் கேட்டபடி பெயர்களைப் போடுவாள். பிறகு காலியாக நிற்கிற கட்டங்களில் தன் பெயரை நிரப்புவாள். ஆனால் ஒரு விதியை மட்டும் எமனே வந்து கேட்டாலும் மீறமாட்டாள். சிவப்பு மையில் எழுதுகிற ஒரு நாள் ஆஃப்கூட இல்லாமல் எவளையும் ஆறு நாள் சேர்ந்தாற்போல் நிற்கவைக்கக் கூடாது. ஒருமுறை மேட்ரன் ஆபீஸ் புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு அப்படி ஒரு சார்ட் அனுப்பியபோது, அதை எடுத்துக்கொண்டு போய் மேசைமேல் போட்டு, "இது மனுஷிக்குப் போட்ட சார்ட்டா, ஃபேனுக்குப் போட்ட சார்ட்டா?" என்று கேட்டவள் அவள்.

இந்த வருடம் விடுமுறைக்குக் கடற்கரையோரமாக ஆறு நாள் சுற்றுவது என்று முடிவானது. மொத்தம் எட்டுப் பேர். இவள், கணவன், மகள், ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டரான மாமனார், மாடியில் குடியிருக்கும் கொழுந்தன், அவன் மனைவி, அவர்களுடைய இரண்டு பிள்ளைகள். போவது என்று எல்லாரும் கூடி முடிவு செய்தார்கள். எப்படிப் போவது என்பதை வழக்கம்போல் இன்சார்ஜ் தலையில் கட்டினார்கள்.

அவளும் ஆசையோடுதான் உட்கார்ந்தாள். அந்தக் கரை அப்படி. தெற்கே மணல்மேடுகள். நாற்பது கிலோமீட்டர் தாண்டினால் சுவர்போல் எழும்பி நிற்கும் செம்பாறை. அப்புறம் கறுப்புப் பாறைகளும் மீன்பிடித் துறைமுகமும். அதையும் கடந்தால் ஆறு கடலில் கலக்கிற முகத்துவாரம், கடைசியில் கண் கூசுகிற வெள்ளை மணல். மாமனார் வயிற்றுக்கு ஹோட்டல் சாப்பாடு ஆகாது என்பதால் ஒவ்வொரு ஊரிலும் சமையலறை உள்ள வீடாகத் தேடிப் பிடித்தாள். மூன்று வாரம் போனும் கையுமாக அலைந்தாள்.

இத்தனையிலும் தனக்கென்று அவள் கேட்டது ஒன்றே ஒன்று. கறுப்புப் பாறை ஊரில், கடலுக்குள் அரை மைல் தள்ளி ஒரு திட்டில் கலங்கரை விளக்கம் இருக்கிறது. அதற்குப் போகிற கல்பாதை பெரும்பாலும் தண்ணீருக்கடியில் கிடக்கும். கடல் உள்வாங்கும்போது மட்டும் இரண்டரை மணி நேரம் வெளியே வரும். ஒன்பது வருடத்துக்கு முன்னால் பித்தப்பை ஆபரேஷனுக்கு வந்த ஒரு மீன்காரம்மா சொன்ன கதை அது. "ஒரு தடவ அந்தக் கல்லுல நடந்து பாரு சிஸ்டர். ரெண்டு பக்கமும் கடல் நிக்கும். நடுவுல நீ மட்டும்." அன்றிலிருந்து அந்தப் பாதை அவள் நெஞ்சில் கிடந்தது. கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணையைத் தேடியெடுத்து, பயணத் தேதியையே அதை வைத்துத்தான் குறித்தாள். மூன்றாம் நாள் காலை ஆறிலிருந்து எட்டரை வரை. மறுபடி திறக்கும்போது இருட்டிவிடும்; மறுநாள் வேறு ஊர்.

இதை அவள் வீட்டில் நான்கு தடவை சொன்னாள். நான்கு தடவையும் எல்லாரும் தலையாட்டினார்கள். செவிடன் காதில் சங்கு ஊதினால் அவன் தலையாவது ஆட்டாமல் இருப்பான்.

யார் எப்போது என்ன செய்வது என்பதற்கு, கை பழக்கத்தில், ஆஸ்பத்திரிபோலவே ஒரு சார்ட் போட்டாள். காலை, மதியம், இரவு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் அதை விரித்தாள்.

"பிரமாதம் அண்ணி!" என்றான் கொழுந்தன்.

"ராத்திரி பசங்களுக்கு மட்டும் ஏழு மணிக்கே சாப்பாடு ஆயிட்டா நல்லாருக்கும்க்கா," என்றாள் அவன் மனைவி.

"காலை டீ ஆறுன்னு போட்டிருக்க. அஞ்சே முக்கால் பண்ணிடும்மா," என்றார் மாமனார்.

திருத்துவதற்காகச் சிவப்புப் பேனாவை எடுத்தாள். வார்டுப் பழக்கத்தில் கண் தானாகத் தன் வரிசையில் ஓடியது, சிவப்பைத் தேடி. முதல் நாள் காலை டீ, டிபன். மதியம் சமையல். இரவு சமையல், மாமனார் மாத்திரை. இரண்டாம் நாள் அதே. மூன்றாம் நாள் காலையிலும் அதே. பதினெட்டுக் கட்டங்கள். பதினெட்டிலும் அவள். மற்றவர்கள் கேட்டதையெல்லாம் போட்டுவிட்டு, மிச்சக் கட்டத்தையெல்லாம் தன் பெயரால் நிரப்பியிருந்தாள். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதைக் கட்டம் போட்டு, ஸ்கேல் வைத்துச் செய்திருந்தாள்.

அவளுக்குத் தன்மேல் வந்த கோபம் கொஞ்சம்தான். ஏழு பேர் அந்தக் காகிதத்தைப் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் படிக்கத் தெரியும். டீ கால் மணி நேரம் பிந்துவது கண்ணில் பட்டது. ஒருத்தி ஆறு நாளும் அடுப்படியில் நிற்பது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை. காது மடல் சுட்டது.

"இந்தச் சார்ட் செல்லாது," என்று அதை நான்காக மடித்தாள். வெறும் கட்டம் போட்ட இன்னொரு தாளைக் கணவன் முன்னால் வைத்தாள். "நீங்க போடுங்க. அடுத்த ஞாயிறு பாக்கறேன்."

அந்த ஒரு வாரம் வீட்டில் குசுகுசுப்புக்குப் பஞ்சமில்லை. அடுத்த ஞாயிறு, மதிய ஷிப்டுக்கு அவள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு வந்தபோது, மேசையைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். கணவன் முகத்தில் கோட்டையைப் பிடித்த பெருமை.

"பாரு. அஞ்சு நாள் முழுசா உனக்கு ஆஃப் குடுத்திருக்கோம்."

'குடுத்திருக்கோம்' என்ற சொல்லை அவள் விழுங்கிக்கொண்டாள். உண்மையிலேயே போட்டிருந்தார்கள். கணவனுக்குச் சமையல், கொழுந்தனுக்குப் பாத்திரம், மகளுக்குத் தாத்தாவின் மாத்திரை. ஒரு நிமிடம் அவள் மனம் இளகக்கூடச் செய்தது. அப்புறம் விரல் மூன்றாம் நாளில் போய் நின்றது. மூன்றாம் நாள், காலை. இன்சார்ஜ்.

"இது என்ன?"

"டீ மட்டும்தான்," என்றான் கணவன் அவசரமாக. "டிபன்கூட வாங்கிக்கலாம். ரெண்டாம் நாள் நீளப் பயணம், மறுநாள் காலைல எல்லாரும் கொஞ்சம் தூங்குவாங்க. நீ எப்படியும் சீக்கிரம் எழுந்துக்கற ஆளு..."

"எத்தன மணிக்கு?"

"அஞ்சே முக்கால்ல ஆரம்பிச்சா, ஒவ்வொருத்தரா எழுந்து வர எட்டு, எட்டரை..."

"எட்டரை," என்றாள் அவள். "ஏங்க, ஆறு நாள்ல பதினெட்டுக் கட்டம் இருக்கு. நான் நாலு தடவ வாய்விட்டுக் கேட்டது அதுல ஒரு கட்டம். உங்க ஏழு பேருக்கும் தூக்கம் வர்றதுக்கு அந்த ஒரு கட்டம்தான் கெடச்சுதா?"

கணவன் முழித்தான். "எதைக் கேட்ட?"

மகள்தான் மெல்ல, "அந்தக் கடல் பாதை, அப்பா," என்றாள்.

"ஓ! அதுவா? அத வேற நாள் மாத்திக்கலாமே."

அவள் மாமனார் பக்கம் திரும்பினாள். "மாமா, உங்க சர்வீஸ்ல, ஒருத்தர் டீ குடிச்சிட்டு வரட்டும்னு மெயில் வண்டிய நிறுத்தி வெச்சிருக்கீங்களா?"

"அது எப்படிம்மா நிக்கும்?"

"கடலும் நிக்காது மாமா."

அவள் சிவப்புப் பேனாவை எடுத்து அந்தக் கட்டத்தில் தன் பெயரைக் குறுக்காக அடித்தாள். மேலே 'ஆஃப்' என்று எழுதினாள். அழுத்திய அழுத்தத்தில் தாள் கிழிந்தது.

"அப்ப அந்த ஷிப்ட் காலியா இருக்கே?" என்றான் கணவன்.

"இருக்கட்டும். காலியா இருக்குன்னா அங்கெல்லாம் என் பேர் வரும்னு யாரு சொன்னது?" குரல் உயர்ந்துவிட்டது; உயரட்டும் என்று விட்டாள். "வார்டுல நேத்து சேர்ந்த பொண்ணுக்குக்கூட ஆஃப் என்னைக்கு வேணும்னு கேட்டுட்டுதான் சார்ட் போடறேன். என் வீட்டுல என்கிட்ட கேக்க ஒரு நாதி இல்ல. மூணாம் நாள் ஆறு மணிக்கு நான் அந்தக் கல்லுல நடந்துகிட்டிருப்பேன். யாருக்காவது டீ வேணும்னா தண்ணி ஏறறதுக்குள்ள அங்க வந்து கேளுங்க."

சிவப்புப் பேனாவை மூடி யூனிஃபார்ம் பையில் செருகிக்கொண்டு கிளம்பினாள். கேட்டைத் திறக்கும்போது கணவன் குரல் காதில் விழுந்தது.

"எட்டு பேருக்கு டீத்தூள் எத்தன ஸ்பூன் போடணும்?"

"ஏழு பேருக்குடா," என்றார் மாமனார். "போய்ப் போட்டுப் பழகு. இன்னும் மூணு வாரம் இருக்கு."