கண்ணாடிப் பலகையில் லீமா

எழுபத்தெட்டாம் வருஷத்துச் சீசனில் கொடைக்கானலில் வரிசையாக மூன்று பங்களாக்களில் திருட்டுப் போனது. புதிதாக வந்திருந்த சப்-இன்ஸ்பெக்டருக்குத் திருடனைத் தேடத் தெரியவில்லை. ஆள் சேர்க்கத் தெரிந்திருந்தது. பங்களாக்களில் சமைக்கிறவர்கள், பெருக்குகிறவர்கள், தோட்டம் கொத்துகிறவர்கள் என்று ஒருவர் பாக்கியில்லாமல் வரவழைத்து, கைரேகை உருட்டிப் போட்டோ எடுத்தார். பங்களாக்காரர்களை யாரும் கூப்பிடவில்லை. அவர்களுடைய விரல்கள் திருடாத ஜாதி போலிருக்கிறது.

வில்பட்டியிலிருந்து தினமும் சமையல் வேலைக்கு வந்துபோன அடைக்கலமேரிக்கு இதில் வருத்தமே இல்லை. அதுதான் கொடுமை. காசில்லாமல் போட்டோ என்றதும் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குக் கட்டும் புடவையைக் கட்டிக்கொண்டு, மகள் லீமாவையும் கூட்டிக்கொண்டு போனாள். தன் முறை வந்ததும் மகளைப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினாள்.

“இதுவும் கூட நிக்கட்டும் சார். இதுக்கு வரன் பாக்குறோம். எங்களுக்கும் ஒரு படம் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போகும்.”

போட்டோக்காரர் சிரித்தார். ஏட்டு சிலுவைராஜ் சிரிக்காமல் லீமாவின் பெயரையும் எழுதிக்கொண்டு, அவள் விரல்களையும் மையில் உருட்டினார்.

படம் வீட்டுக்கு வரவில்லை. கொஞ்ச நாளில் பஸ் ஸ்டாண்டில் கண்ணாடி போட்ட பலகை ஒன்று வந்தது. ‘சுற்றுலாப் பயணிகள் இவர்களை அடையாளம் வைத்துக்கொள்ளவும்’ என்று மேலே கொட்டை எழுத்து. கீழே முகங்கள், பெயர், ஊர், வேலை பார்க்கும் இடம். தாயையும் மகளையும் கத்தரியால் பிரித்துத் தனித்தனியாக ஒட்டியிருந்தார்கள். வில்பட்டி ஆட்கள் முதலில் தங்கள் முகத்தைத் தேடிப் பார்த்துச் சிரித்தார்கள். வேலை பார்த்த வீடுகளில் பீரோவுக்கெல்லாம் பூட்டு விழுந்ததும் சிரிப்பு நின்றது.

திருடன் மதுரையில் பிடிபட்டான். பங்களா முதலாளி ஒருவரின் அக்காள் மகன். அவன் படம் பலகைக்கு வரவே இல்லை.

லீமாவை நிச்சயம் செய்ய வத்தலக்குண்டிலிருந்து வந்தவர்கள், பஸ்ஸை விட்டு இறங்கியதும் பார்த்தது அந்தப் பலகையைத்தான். வீடுவரை வந்தார்கள், டீ குடித்தார்கள். மாப்பிள்ளையின் தகப்பனார் லூர்துசாமி நல்ல மனுஷன், குரலை உயர்த்தவில்லை.

“நாங்க நம்புறோம் தாயி. ஆனா சீசனுக்கு எங்க ஊரே இங்கதான் ஏறி வருது. ஒவ்வொருத்தனுக்கும் நான் நின்னு வெளக்கம் சொல்ல முடியுமா?”

கொண்டுவந்த நிச்சயத் தட்டை அவர்களே எடுத்துக்கொண்டு போனார்கள். லீமா அழவில்லை, அவர்கள் குடித்த டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்தாள். மகளைக் கேமராவுக்கு முன்னால் இழுத்த தன் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அடைக்கலமேரிக்கு.

மறுநாள் வெள்ளனே ஸ்டேஷனில் போய் நின்றாள்.

“களவாண்டவன்தான் ஆப்புட்டுட்டானே சார். எம்படம் கெடந்துட்டுப் போகட்டும். பிள்ளை படத்த மட்டும் எடுத்துருங்க.”

“எதுக்கு எடுக்கணும்? அதுல திருடின்னு எங்கயாவது எழுதியிருக்கா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

“எழுதலைங்க. பாக்குறவுக அப்படித்தான படிக்கிறாக.”

“அது பாக்குறவன் பாடு. இத்தனை பேர் படத்தையும் மறுபடி எவன் சேர்க்கிறது? அடுத்த களவுக்கு ஆகும், இருக்கட்டும்.”

“அடுத்த களவு இன்னும் நடக்கலையே சார்.”

“நடக்காமலா போயிரும்?” என்று சொல்லிவிட்டு அவர் பேப்பரை விரித்தார்.

ஏட்டு சிலுவைராஜ் வாசல்வரை கூடவே வந்தார். “கண்ணாடியில கைய வச்சிராதக்கா. அப்புறம் நெசமாவே கேஸாயிரும்.”

அவள் கை வைக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், லீமாவின் முகம் மறையும்படி பலகைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். வத்தலக்குண்டு பஸ் வந்தது. இறங்கியவர்கள், அவள் தோளுக்குப் பக்கத்தில் தெரிந்த அவளுடைய சொந்தப் படத்தையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டு ஒதுங்கிப் போனார்கள்.

அடுத்து பழனி பஸ் வரவேண்டியிருந்தது. அவள் நகரவில்லை.