எண்பத்தைந்துக்குக் கீழே

ஊருக்கெல்லாம் ஒரு கிராம் பிசகாமல் நிறுத்துக் கொடுக்கிற மனுஷன், சொந்த வீட்டில் மூன்று மாதமாகப் பொய் எடை காட்டிக்கொண்டிருந்தான். அவனுடைய நிஜப் பெயர் ரேஷன் அட்டையில் இருக்கிறது, அது நமக்கு வேண்டாம். எல்லோருக்கும் அவன் ‘தராசு’. "மெஷின் தப்புக் காட்டுது, தராசைக் கூப்பிடு" என்பார்கள். காய்கறிக் கடையோ, கூரியர் ஆபீஸோ, ஆஸ்பத்திரியோ, எங்கிருந்து கூப்பிட்டாலும் இரும்பு எடைக்கற்கள் நிரம்பிய பெட்டியை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போய் இறங்குவான். "கொஞ்சம் நமக்குச் சாதகமா தட்டி வைங்களேன்" என்று கண் சிமிட்டிய கடைக்காரர்கள் உண்டு. அவர்களை வாடிக்கையாளர்கள் முன்னாலேயே சத்தம் போட்டு மானத்தை வாங்கியவன்தான் இந்தத் தராசு.

அப்பேர்ப்பட்டவன் பெண்டாட்டி ஏறுகிற தராசில் கை வைத்தான் என்றால், சும்மா வைத்திருப்பானா?

கல்யாணமாகிப் பதினோரு வருஷம். குழந்தை இல்லை. அவன் மனைவி ஒரு பேக்கரியில் வேலை பார்த்தாள். கேக்கின் மேல் க்ரீமால் பேர் எழுதுவது அவள்தான். ஒரு நாளைக்கு ஏழெட்டுக் குழந்தைகளின் பேரை அழகாகச் சுழித்துச் சுழித்து எழுதி, பெட்டியில் வைத்து, சிரித்த முகமாக எடுத்துக் கொடுத்துவிட்டு வருவாள். அந்தக் கொடுமையை அவள் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

நாலு மாதத்துக்கு முன்னால் கருத்தரிப்பு மையத்து டாக்டரம்மா பட்டென்று சொல்லிவிட்டார்.

"உங்க எடை தொண்ணூத்தி ரெண்டு. உடம்புல கொழுப்பு கூடுனா ஹார்மோன் குழம்பிடும், கருமுட்டை மாசாமாசம் ஒழுங்கா வெளிய வராது. முட்டையை எடுக்கறப்போ மயக்கம் வேற கொடுக்கணும், இந்த எடைக்கு அது ரிஸ்க். எண்பத்தஞ்சுக்குக் கீழ வாங்க, உடனே ஆரம்பிச்சிடலாம்." பிறகு தராசின் தொப்பையைப் பார்த்து, "சார், உங்களுக்கும்தான். ஆம்பளை எடையும் இதுல சேரும்" என்றார்.

தராசு மண்டையை மண்டையை ஆட்டினான். அவனை யாரும் மெஷினில் ஏற்றவில்லை. ஏற்றாததை அவனும் ஞாபகப்படுத்தவில்லை.

அந்த மையத்தில் சிகிச்சைக்குப் பெண்களைக் குழுவாகத்தான் சேர்ப்பார்கள். அடுத்த குழு நாலு மாதம் கழித்து. அதை விட்டால் அதற்கு அடுத்தது இன்னும் மூன்று மாதம் போய். அதற்குள் அவளுக்கு நாற்பது முடிந்துவிடும். நாற்பது முடிந்தவர்களை அங்கே சேர்க்க மாட்டார்கள். ஆக, அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வாய்ப்பு. தாண்ட வேண்டியது ஏழு கிலோ.

வாயைக் கட்டினாள், வயிற்றைக் கட்டினாள். வெந்த காய்கறியும் உப்பில்லாத கஞ்சியுமாக நாளை ஓட்டினாள். பஸ்ஸை விட்டுவிட்டு பேக்கரிக்கு நடந்தே போனாள், நடந்தே வந்தாள். விரலில் ஒட்டிய க்ரீமைக்கூட நக்காமல் துணியில் துடைத்தாள். ஒரு மாதம் முடிந்து வீட்டு மெஷினில் ஏறிப் பார்த்தால் தொண்ணூற்றொன்று.

இறங்கினாள். மறுபடி ஏறினாள். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். தோட்டைக் கழற்றினாள். தலைமுடியில் இருந்த கிளிப்பைக்கூடக் கழற்றினாள்.

"எல்லாத்தையும் கழட்டிட்டேங்க, அப்பவும் தொண்ணூத்தி ஒண்ணுதான் காட்டுது" என்றவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒரு மாசம் பட்டினி கிடந்ததுக்கு ஒரே ஒரு கிலோ. என்னால முடியாது. எனக்கு எதுவும் வேணாம், விட்டுடலாம்."

பதினோரு வருஷத்தில் அவள் இப்படி அழுது அவன் பார்த்ததில்லை. சத்தமே வரவில்லை, உடம்பு மட்டும் குலுங்கியது. சமாதானம் சொல்லத் தராசுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் ஒரே ஒரு வித்தை. அந்த வித்தையைக் காட்டினான்.

இந்த மெஷின்களுக்கு எடை என்பது நாம் சொல்லிக் கொடுப்பதுதான். இருபது கிலோ கல்லை வைத்து, ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்து, ‘இதுதான் இருபது’ என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். அவள் வேலைக்குப் போன பிறகு அவன் இருபது கிலோ கல்லின் மேல் ஓர் அரைக் கிலோவையும் ஓர் இருநூறு கிராமையும் சேர்த்து வைத்து, ‘இதுதான் இருபது’ என்று சொல்லிக் கொடுத்தான். நம்பிக்கொண்டது மெஷின். இருபது கிலோவுக்கு எழுநூறு கிராம் முழுங்கினால், தொண்ணூறு கிலோவுக்குச் சுமார் மூன்று கிலோ முழுங்கும். மறுநாள் காலை எண்பத்தெட்டு காட்டியது.

"ஏங்க! இங்க வாங்களேன்! மூணு கிலோ எப்படி?"

"நேத்து பேட்டரி வீக்கா இருந்திருக்கு. அதான் ஏத்திக் காட்டியிருக்கு. புது பேட்டரி போட்டேன்" என்றான், கண்ணைப் பார்க்காமல்.

வேறு யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். சொன்னது தராசாயிற்றே. அவன் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, பாட்டு முணுமுணுத்துக்கொண்டே குளிக்கப் போனாள்.

கொஞ்ச நாளில் சரி செய்துவிடலாம், இன்னும் நாலு கிலோ நிஜமாகக் குறைந்த பிறகு தெரியாமல் திருப்பி வைத்துவிடலாம் என்று நினைத்தான். அட மடையா, திருப்பி வைக்கிற அன்று மூன்று கிலோ ஏறினதாகத்தானே காட்டும்? இது அவனுக்கு மறுநாளே உறைத்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வாரமும், ‘இன்னிக்குச் சொல்லிடணும்’ என்று எழுந்திருப்பான். அவள் மெஷினில் நின்றுகொண்டு விரலை மடக்கி எண்ணுவதைப் பார்ப்பான். சொல்லாமல் வேலைக்குப் போய்விடுவான்.

குழு சேருவதற்குப் பதினைந்து நாள் இருக்கும்போது மெஷின் எண்பத்து நாலு சொச்சம் காட்டியது. தாண்டியாயிற்று. அவள் அன்று பஸ்ஸில் வேலைக்குப் போனாள். நாலு மாதத்தில் முதல்முறையாக வயிறாரச் சாப்பிட்டாள். அவள் சாப்பிடுவதை எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தராசுக்குத் தன் தட்டில் கை வைக்க முடியவில்லை. நிஜ எடை அவனுக்குத் தெரியும். மனக்கணக்கில் புலி. எண்பத்தேழரைக்கு மேல்.

இப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறந்தானா? இல்லை. ஏனென்றால் அதற்குள் அவனுக்கு வேறொரு வழி தெரிந்துவிட்டது. அந்த மையத்து மெஷினையும் ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்ப்பவன் அவன்தான். எடை பார்க்கிற நாளுக்கு முந்தின நாள் அவனே போய் நின்றான். நர்ஸ் போனில் இருந்தார். பெட்டியைத் திறந்து இருபது கிலோ கல்லை வைத்தான். அரைக் கிலோவை வைத்தான். இருநூறு கிராமை வைத்தான். பொத்தானை அழுத்தினான். சர்வீஸ் ஸ்டிக்கரை ஒட்டி, தேதி போட்டு, தன் கையெழுத்தையும் போட்டான்.

மறுநாள் காலை கூடத்தில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தராசின் மனைவிக்குப் பக்கத்தில் ஒரு பெண். முப்பது வயதுகூட இருக்காது, எலும்பும் தோலுமாக இருந்தாள். கூட அவள் மாமியார்.

"நீயும் எடைக்குத்தான் வந்தியாம்மா? உனக்கு என்ன குறைக்கறதுக்கு இருக்கு?" என்று கேட்டாள் தராசின் மனைவி.

"குறைக்க இல்லக்கா, ஏத்த. நாப்பதுதான் இருந்தேன். ரொம்ப ஒல்லியா இருந்தாலும் முட்டை வராதாம், தீட்டே நின்னு போச்சு. நாப்பத்தஞ்சு ஆனாத்தான் சேர்ப்பேன்னுட்டாங்க. ஆறு மாசமா வாந்தி வர வர தின்னுட்டிருக்கேன்."

"அடிப் பாவி, முன்னாடியே பார்த்திருந்தா பாதிக்குப் பாதி மாத்திக்கிட்டிருக்கலாமே!"

ரெண்டு பேரும் சிரித்தார்கள். "மருந்துக்கடை மெஷின்ல போன வாரம் ஏறிப் பார்த்தேன்க்கா. நாப்பத்தஞ்சே முக்கால்" என்று அந்தப் பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், யாரும் கண் வைத்துவிடுவார்களோ என்பதைப் போல.

சுவரோரம் நின்றிருந்த தராசின் காதில் அது விழுந்தது. நாற்பத்தைந்தே முக்கால் என்றால் உள்ளே இருக்கிற மெஷின் நாற்பத்து நாலு சொச்சம் காட்டும். இத்தனை வருஷம் இதே பிழைப்பில் இருந்தவன், பொய்த் தராசு ஏறுகிறவர் எல்லோருக்கும் பொய் சொல்லும் என்பதை மறந்துபோனான். அவன் கண்ணில் பெண்டாட்டி ஒருத்திதான் ஏறினாள், அவள் ஒருத்திதான் இறங்கினாள்.

நர்ஸிடம் ஓடினான். "ஒரு நிமிஷம், மெஷினை ஒரு தரம் பார்த்துடறேனே."

"நேத்துதானே பார்த்தீங்க தராசண்ணா? எத்தனை பேர் காத்திருக்காங்க பாருங்க. போய் உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, அந்த ஒல்லிப் பெண்ணைக் கூப்பிட்டார் நர்ஸ்.

அவள் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். நாற்பத்து நாலு புள்ளி இரண்டு.

"இல்லீங்க, தப்பா இருக்கு. இன்னொரு தரம் பாருங்க" என்றாள். இறங்கி ஏறினாள். அதேதான். சேலைத் தலைப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஏறினாள், அது என்னவோ எடை கூட்டும் என்பதைப் போல.

"தின்னதெல்லாம் எங்கடி போச்சு?" மாமியாரின் குரல் கூடம் முழுக்கக் கேட்டது. "அவனுக்கு வேற பொண்ணைப் பார்க்கலாம்னு நான் அப்பவே சொன்னேன்."

"அத்தை, சத்தியமா தின்னேன் அத்தை." அந்தப் பெண் நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டாள். "உங்க காலை வேணா பிடிக்கறேன், நாப்பத்தஞ்சுன்னு எழுதுங்க. நான் வீட்டுக்குப் போக முடியாதுங்க."

தராசின் மனைவிக்குப் பொறுக்கவில்லை. எழுந்து போய் அவள் தோளை அணைத்துக்கொண்டாள். "அழாதம்மா. மருந்துக்கடை மெஷினை எல்லாம் நம்பாதே. இது எங்க வீட்டுக்காரர் பார்க்கற மெஷின், ஒரு கிராம் பிசகாது. நீ இன்னும் கொஞ்சம்..."

"பிசகும்" என்றான் தராசு.

எல்லோரும் திரும்பினார்கள். அவன் நர்ஸிடம் வந்தான். "மெஷின் தப்பு. நான்தான் தப்பா வெச்சேன். அந்தப் பொண்ணு சரியாத்தான் இருக்கா."

"ஏன் அப்படி வெச்சீங்க?" என்றார் நர்ஸ், புரியாமல்.

அவன் வெளியே போனான். ஸ்கூட்டரிலிருந்து பெட்டியைத் தூக்கி வந்தான். அத்தனை பேர் பார்க்க, முழங்காலிட்டு, இருபது கிலோ கல்லை மட்டும் வைத்துப் பொத்தானை அழுத்தினான். அந்தப் பெண்ணை ஏறச் சொன்னார்கள். நாற்பத்தைந்து புள்ளி எட்டு. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். மாமியார், "நல்லா இருப்பியா நீ?" என்று தராசைப் பார்த்துக் கையை நீட்டினார். அவன் குனிந்த தலை நிமிரவில்லை.

அடுத்தது அவன் மனைவியின் முறை.

"வேணாம்மா" என்றான் மெல்ல. "வீட்டுக்குப் போயிடலாம்."

அவள் அவனை ஒரு தரம் பார்த்தாள். வளையலைக் கழற்றவில்லை, தோட்டைத் தொடவில்லை. ஏறி நின்றாள். எண்பத்தேழு புள்ளி ஏழு.

நர்ஸ் பேனாவை எடுத்தவர் எழுதாமல் நின்றார். அவள் இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, கூடத்தின் மூலைக்குப் போய் நின்றாள். அவனும் பின்னாலேயே போனான்.

"வீட்டுல எண்பத்தி நாலு புள்ளி ஏழு காட்டுச்சே" என்றாள்.

அவன் ஆமாம் என்று தலையாட்டினான்.

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"அப்போ அந்த பேட்டரி?"

"பேட்டரி நல்லாத்தான் இருந்துச்சு."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் சுவரில் சாய்ந்து, கணக்குப் போடுகிறவளைப் போல விரலை மடக்கினாள்.

"மூணு கிலோ. மூணே கிலோதாங்க. ரெண்டு வாரமா பஸ்ல போனேன். உங்க முன்னாடி உக்காந்துதானே தட்டு தட்டா தின்னேன். பார்த்துட்டுத்தானே இருந்தீங்க? எனக்கு மூணு மாசம் இருந்துச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, செத்தாவது குறைச்சிருப்பேனே."

"நீ அன்னிக்கு அழுதே" என்றான். அவன் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "தரையில உக்காந்து அழுதே. என்னால அதைப் பார்க்க முடியல."

அவள் நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள்.

"அழ விட்டிருக்கலாம்லங்க" என்றாள்.